லாஸ்ட் பஸ் கமிட்டியின் முதல் ஆல்பம்

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஸ்டுடியோவில் அவர்களுக்குச் சரியாக முப்பது மணி நேரம் மிச்சம் இருந்தது. அன்றைக்குப் பத்து, சனிக்கிழமை பத்து, ஞாயிறு பத்து. அதற்குள் லாஸ்ட் பஸ் கமிட்டி என்ற அவர்களுடைய பேண்டின் முதல் ஆல்பம் முடிய வேண்டும். புதன்கிழமையே வந்துவிட்டார்கள். ஆனால் ஒன்பது பாட்டுகளில் ஒன்றுக்குக்கூட டிரம்ஸ் பதிவாகவில்லை. டிரம்ஸ் பதிவானால்தான் அதன்மேல் மற்றதெல்லாம் ஏறும்.

டிரம்ஸ் வாசிப்பவன் ட்ரெவர்.

"நிறுத்து மகனே, நிறுத்து." ஹெட்போனில் மொய்ராவின் குரல் வந்தது. "ரெண்டாவது வரியிலயே ஓட ஆரம்பிச்சுட்ட. யாரு துரத்துறா உன்னை?"

"நாந்தான் துரத்துறேன். பிடிக்க முடியல," என்றான் ரஸ். அவன் பாடகன். கிட்டாரும் வாசிப்பான். அவன் ஒரு அறையில், பாஸ் கிட்டார் வாசிக்கும் ஓவன் இன்னொரு அறையில், ட்ரெவர் டிரம்ஸோடு பெரிய அறையில். ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் விழக்கூடாது என்பதற்காக அப்படி. மொய்ரா கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மேஜை நிறையப் பொத்தான்களோடு உட்கார்ந்திருந்தாள். கிளாஸ்கோக்காரி. ஐம்பது வயதைத் தாண்டியவள். எத்தனையோ பேண்டுகளின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தவள்.

"கிளிக் சத்தம் காதுல வருதா இல்லையா?" என்று கேட்டாள்.

"வருது."

"அதோட சேர்ந்து நட. அவ்வளவுதான்."

கிளிக் என்பது ஹெட்போனில் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும் ஒரு சத்தம். தாளம் தவறாமல் இருக்க அதைப் போடுவார்கள். ட்ரெவர் அதோடு சேர்ந்து நடந்து பார்த்தான். பக்கத்தில் போலீஸ்காரர் நடந்து வரும்போது நாம் நடப்பதுபோல இருந்தது. நேராகத்தான் நடந்தான், ஆனால் எந்தக் காலை முதலில் வைப்பது என்றே மறந்துபோனது.

மறுபடி நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். நான்காவது தடவை நின்றபோது மொய்ரா எல்லோரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டாள்.

அந்த ஸ்டுடியோ முன்பு மீன் பெட்டி செய்யும் இடமாக இருந்தது. மழை பெய்தால் சுவரிலிருந்து பழைய வாசம் கிளம்பும். அன்று நல்ல மழை. மொய்ரா ஒரு ஆரஞ்சை உரித்துக்கொண்டே பேசினாள்.

"ராத்திரி ஜூலியன் போன் பண்ணான்." ஜூலியன் லண்டன் ரெக்கார்ட் கம்பெனிக்காரன். "அங்க ஒரு டிரம்மர் இருக்கானாம். எதைக் கொடுத்தாலும் ஒரே தடவையில வாசிச்சுட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி கிளம்பிடுவானாம். ஞாயித்துக்கிழமை முதல் ரயில்ல அனுப்பட்டுமான்னு கேக்குறான்."

ரஸ் முகத்தைச் சுளித்தான்.

"எனக்கும் அது பிடிக்கல," என்றாள் மொய்ரா. "நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மறுபடி கூப்பிடுவான். அதுக்குள்ள மூணு பாட்டு முடிஞ்சா, வேணாம்னு சொல்லிடுறேன். மீதிய ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம். முடியலன்னா அந்த ஆள்தான் வாசிப்பான். ட்ரெவர், நீ கவர் போட்டோவுல நிக்கலாம்."

"போட்டோவுலயாவது நில்லுடா," என்றான் ஓவன். "அங்கயும் ஓடிடாத."

எல்லோரும் சிரித்தார்கள். ட்ரெவரும் சிரித்தான். அவனுடைய அம்மா பிங்கோ ஆட்டம் நடக்கும் ஹாலில் ஒருவர் விடாமல் சொல்லிவைத்திருந்தாள், என் பையன் ரெக்கார்டு போடுகிறான் என்று. அவர்களில் பாதிப்பேரிடம் ரெக்கார்டு பிளேயரே கிடையாது. இருந்தும் வாங்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

சோபாவின் மூலையில் உட்கார்ந்திருந்த கெயில் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து கெட்டிலைப் போட்டாள்.

கெயில் அந்த பேண்டின் இரண்டாவது கிட்டார். ரஸ் தனியாக எடுத்து வாசிக்கும் இடங்களில், பின்னால் ஒரே சீராக வாசித்துக்கொண்டிருப்பவள். அதிகம் பேசமாட்டாள். காரவான் என்னும் வீட்டு வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் ஜன்னல் பொருத்தும் வேலை. இந்த ஆல்பத்துக்காக ஒரு வாரம் லீவு எடுத்திருந்தாள். ஆனால் புதன்கிழமை காலையிலேயே மொய்ரா ஒரு யோசனை சொன்னாள். ரெண்டு கிட்டாரையும் ஒரே கை வாசித்தால் இறுக்கமாக இருக்கும், நேரமும் மிச்சம், ரஸ்ஸே வாசிக்கட்டும். எல்லா ஸ்டுடியோவிலும் அப்படித்தான். ரஸ் கெயிலைப் பார்த்தான். கெயில் "சரி" என்றாள். அன்றிலிருந்து சோபாவில் உட்கார்ந்து எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்துதான் ட்ரெவருக்குத் தாளம் ஓடியது. ஏன் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் இந்த பேண்டில் சேரும்போது, கூல் என்ற ஊரில் ஒரு பேண்டில் வாசித்திருக்கிறேன் என்று சொன்னான். பொய். சித்தப்பா மகனின் டிரம்ஸை நாலைந்து தடவை தட்டியிருந்தான், அவ்வளவுதான். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த மாடியில் முதல் ஒத்திகை. முதல் பாட்டிலேயே எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போய்விட்டது. தலையைக் குனிந்தான். எதிரே கெயிலின் பூட்ஸ். அவளுடைய வலது குதிகால் பலகைத் தரையில் விழுந்து எழுந்துகொண்டிருந்தது. அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. அது விழும்போது இவனும் அடித்தான். பாட்டு தானாகச் சரியானது. "பரவாயில்லையே, கூல்காரன்!" என்றான் ரஸ்.

அதன்பிறகு எந்த பப்பில் வாசித்தாலும், மேடை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், கெயிலின் கால் தெரியும்படி டிரம்ஸைத் திருப்பிவைத்துக்கொள்வான். விளக்கு கண்ணைக் கூசுது என்பான். காற்று வேணும் என்பான். மூன்று வருஷத்தில் அவன் கை நன்றாகத் தேர்ந்துவிட்டது. ஆனால் தாளம் மட்டும் அவனிடம் இல்லை. பஸ் ஓட்டுகிறவன், முன் சீட்டில் இருக்கும் பயணியின் காலைப் பார்த்து பிரேக் போடுவதுபோலத்தான் அது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மதியம் ஓவன் கடைக்குப் போய் எல்லோருக்கும் சாப்பாடு வாங்கிவந்தான். மாவில் முக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு உருண்டையும், மேலே சிவப்புத் தூள் தூவிய சிப்ஸும். ட்ரெவர் தன் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளாமல் டிரம்ஸ் அறையிலேயே இருந்தான். கெயில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சாப்பிடு. ஆறிப்போகுது."

"பசிக்கல."

"அப்போ நான் ரெண்டையும் சாப்பிடுவேன்."

"சாப்பிடு."

அவள் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து உண்மையிலேயே அவனுடைய பொட்டலத்தைப் பிரித்தாள். ட்ரெவருக்குச் சிரிப்பு வந்தது.

"வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டான்.

"எங்க? இங்கயா? நல்லாப் போகுது. நேத்து பதினாலு டீ. ரஸ்ஸுக்கு மட்டும் நாலு." சிப்ஸை எடுத்து வாயில் போட்டாள். "ட்ரெவர், நான் ஒண்ணு சொல்லவா? நீ நல்லாத்தான் வாசிக்கிற. அந்த லண்டன்காரன் வந்தா அது நம்ம ஆல்பம் மாதிரியே இருக்காது."

"நீ வாசிக்காம இருந்தா மட்டும் நம்ம ஆல்பமா?"

"நான் என்ன வாசிச்சேன்? பின்னாடி சும்மா நிரப்பிக்கிட்டு இருந்தேன்."

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஹெட்போனில் மொய்ரா கூப்பிட்டுவிட்டாள். "டேப் ஓடுது. 'ஈரக் கோட்டு' பாட்டு. சாப்பிடுறவங்க சத்தமில்லாம சாப்பிடுங்க."

கெயில் எழுந்து போகவில்லை. போனால் கதவுச் சத்தம் விழும் என்று அப்படியே இருந்துவிட்டாள். 'ஈரக் கோட்டு' அவர்களுடைய பாட்டுகளிலேயே வேகமானது. ரஸ் ஆரம்பித்தான். பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்த கெயில், அங்கே கிடந்த இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தன்னை அறியாமலே, மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு குதிகாலால் தரையைத் தட்ட ஆரம்பித்தாள்.

ட்ரெவர் கிளிக்கை மறந்தான். ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டான். கையும் காலும் அவனுடையவையாக இருந்தன. நடுவில் ஒரு இடத்தில் ரஸ் வழக்கமாகத் தடுமாறுவான். அங்கேகூட அவனை இழுத்துக்கொண்டு போனது டிரம்ஸ். பாட்டு முடிந்தபோது, தாளத்தட்டின் கடைசி ஒலி அடங்கும்வரை யாரும் மூச்சு விடவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொய்ரா எழுந்து நின்றிருந்தாள்.

"மகனே," என்றாள் மெதுவாக. "இப்போ என்ன பண்ணின?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ரஸ் தன் அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினான். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

"ஸ்னேரைக் கொஞ்சம் தளர்த்தினேன்," என்றான் ட்ரெவர்.

அந்த ஒரு வார்த்தைதான் அடுத்த நாளை விழுங்கியது.

சனிக்கிழமை காலை மொய்ரா ஸ்னேரைத் தளர்த்தினாள். ஸ்னேர் என்பது நடுவில் இருக்கும் சின்ன டிரம். பிறகு இறுக்கினாள். பிறகு அதன்மேல் ஒரு கர்சீப்பைப் போட்டாள். மைக்கை ஒரு அங்குலம் நகர்த்தினாள். "இதுவா? இதுவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ட்ரெவர் ஒவ்வொன்றுக்கும் "கிட்டத்தட்ட" என்றான். வாசித்தால் மறுபடி ஓட்டம்தான்.

கெயிலை உள்ளே வரச் சொல்லலாம் என்று நினைத்தான்.

"கெயிலும் இங்க இருக்கட்டுமே," என்று மைக்கில் கேட்டான். "பேச்சுத் துணைக்கு."

"வேணவே வேணாம்," என்றாள் மொய்ரா. "நேத்து எடுத்ததைக் காலைல போட்டுக் கேட்டேன். அதுல ஒரு சத்தம் இருக்கு. டொக், டொக், டொக்குன்னு. பாட்டு முழுக்க. உன் ஸ்டூல்தான்னு நினைக்கிறேன். அவ்வளவு அழகான டேக், அதை வச்சிக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. இனிமே அந்த ரூம்ல ஒரு ஈகூட இருக்கக்கூடாது."

"கேக்கலாமா அதை?" என்றான் ஓவன்.

போட்டார்கள். டிரம்ஸை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டாள் மொய்ரா. அதன் அடியில், ஒரே சீராக, அந்தச் சத்தம் இருந்தது. கொஞ்சம்கூட முன்னே போகவில்லை, பின்னே வரவில்லை. ட்ரெவருக்கு முகம் சூடானது. கெயில் கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஸ்டூலை மாத்துறோம். தரைக்குக் கார்ப்பெட் போடுறோம்," என்றாள் மொய்ரா.

மாடியிலிருந்து ஒரு பழைய கார்ப்பெட்டை ரஸ்ஸும் ஓவனும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாதியில் ஓவனுக்கு மூச்சு வாங்கியது.

"யானையைச் சுத்தி வச்சிருக்கானுங்களாடா இதுக்குள்ள?"

"பேசாம பிடிடா. உன் பக்கம்தான் தொங்குது."

"என் பக்கம் தொங்கலடா, உன் பக்கம் தூக்கல."

பலகைத் தரை முழுவதையும் கார்ப்பெட் மூடியது. ட்ரெவர் ஓரத்தில் நின்று பார்த்தான். மடிப்பு விழுந்த இடத்தை ரஸ் காலால் நீவிவிட்டான். எது தன்னை வாசிக்கவைத்ததோ அதை ஒழித்துக்கட்டத்தான் எல்லோரும் இத்தனை பாடுபடுகிறார்கள், அதுவும் தனக்காக. இதைப் பார்த்துக்கொண்டு நிற்பது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கார்ப்பெட்மேல் உட்கார்ந்து மூன்று பாட்டையும் வாசித்துப் பார்த்தான். மூன்றும் ஓடின. கடைசி டேக்கில் ரஸ் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் மழையில் நின்றான். சிகரெட்கூடப் பற்றவைக்கவில்லை.

மணி நாலரை இருக்கும். டிரம்ஸ் அறைக் கதவு திறந்தது. கெயில். கோட்டு போட்டிருந்தாள். கையில் கிட்டார் பெட்டி.

"கிளம்புறேன்," என்றாள்.

"எங்க?"

"வீட்டுக்குத்தான். தொழிற்சாலைல ஞாயித்துக்கிழமை ஷிஃப்டுக்கு ஆள் கேட்டாங்க. வரேன்னு சொல்லிட்டேன்."

"நாளைக்குத்தானே ஆல்பம் முடியுது. கடைசி நாள் இருக்க மாட்டியா?"

"டீதானே? கெட்டில் எங்க இருக்குன்னு ஓவனுக்குக் காட்டிட்டேன்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இங்க பாரு, நான் கோவத்துல போகல. உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேனா, ஒண்ணு புரிஞ்சுது. ரஸ் என் பாகத்தை நல்லாவே வாசிக்கிறான். எனக்குன்னு அங்க ஒரு இடம் இல்ல. அது தப்பும் இல்ல. இதுக்கப்புறம் வேற யாரையாவது பாத்துக்கோங்க, இல்ல மூணு பேராவே இருங்க. ரஸ்கிட்ட அப்புறமா சொல்லிக்கிறேன். உன்கிட்ட முதல்ல சொல்லணும்னு தோணுச்சு."

"ஏன் என்கிட்ட?"

"தெரியல. மேடையில உன் பக்கத்துலதானே நிப்பேன்." அவள் தோளைக் குலுக்கினாள். "சரி, டாக்சி வந்துடும்."

கதவு மூடியது. கனமான கதவு. மூடினால் உள்ளே எந்தச் சத்தமும் வராது.

கண்ணாடி வழியாகப் பார்த்தான். கெயில் கண்ணாடி அறைக்குள் நுழைந்து, சோபாமேல் கிடந்த தன் மப்ளரை எடுத்தாள். ரஸ் உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். ஓவன் அவளிடம் ஏதோ கேட்டான், அவள் ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். எல்லாம் ஊமைப் படம்போல இருந்தது. மொய்ரா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அவளாகவே போனை எடுத்து எண்களைச் சுழற்ற ஆரம்பித்தாள். ஐந்து மணிவரை காத்திருக்க அவளுக்கும் மனம் வரவில்லை போல.

லண்டன்காரன் வருவான். நன்றாக வாசிப்பான். ரஸ் அவன் தாளத்துக்குப் பாடுவான். மதியத்துக்குள் முடிந்துவிடும். கவர் போட்டோவில் ட்ரெவர் நிற்பான். அம்மா அதை பிங்கோ ஹாலுக்குக் கொண்டுபோவாள். யாருக்கும் எதுவும் தெரியாது. கூல் ஊர் கதைகூட அப்படியே இருந்துவிடும்.

அங்கே கெயில் மப்ளரை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள். எனக்குன்னு அங்க ஒரு இடம் இல்ல என்று சற்று முன் அவள் சொன்னது அவன் காதிலேயே இருந்தது. அவள் அதை நம்பிச் சொன்னாள். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

அவனுடைய தலைக்கு மேலே ஒரு மைக் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. மொய்ரா எதையும் அணைக்கவில்லை.

"மொய்ரா," என்றான்.

கண்ணாடி அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அங்கே ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்திருந்தார்கள். அவன் குரல் சுவர் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும்.

மொய்ரா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். "ஒரு நிமிஷம் இரு மகனே. மணி அடிக்குது."

"போனை வைங்க."

"என்ன?"

"வைங்க. ஜூலியன் எடுக்குறதுக்கு முன்னாடி. கெயில், நீயும் நில்லு. டாக்சி நிக்கட்டும்."

ரஸ் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு அருகில் வந்தான். "ட்ரெவர், உடம்பு சரியில்லையா?"

"நேத்து நான் ஸ்னேரைத் தளர்த்தல."

"அதான் தெரியுதே," என்றாள் மொய்ரா. "காலைலேர்ந்து அதை நோண்டிப் பாத்துட்டேன். பின்ன என்னதான் பண்ணின? அதைச் சொல்லு. அதே மாதிரி மூணு கொடுத்தா எனக்கு லண்டனும் வேணாம், அங்கேர்ந்து வர்ற ரயிலும் வேணாம்."

அவள் போனை வைத்துவிட்டாள். அவள் கை அதன்மேலேயே இருந்தது.

கண்ணாடியில் ட்ரெவருடைய பிம்பமும், அதற்குப் பின்னால் நால்வர் முகமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. ஓவன் ஒரு ஜோக்குக்குத் தயாராவதுபோல இருந்தான், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டான். கெயில் கிட்டார் பெட்டியைத் தரையில் வைத்தாள்.

அவன் எழுந்தான். கார்ப்பெட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். கனமாக இருந்தது. இரண்டு கையாலும் இழுத்து, டிரம்ஸுக்கு முன்னால் நாலடி அகலத்துக்குப் பலகை தெரியும்படி மடித்துப் போட்டான். பிறகு மைக்குக்கு அருகில் வந்து நின்றான்.

"அந்த டொக் டொக் சத்தம் என் ஸ்டூல் இல்ல," என்றான். "அது கெயிலோட குதிகால். நான் அதைப் பாத்துதான் வாசிக்கிறேன். முதல் நாள்லேர்ந்து, எல்லாப் பாட்டுக்கும். இந்த பேண்டுக்குத் தாளம் கொடுக்கிறது நான் இல்ல. கெயில்தான்."